ஊமைக்கு நீ கொடுத்த வரி

இன்று காலை காபி குடித்துவிட்டு ஹெப்பாள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தேன். திரையில் நீ எழுதிய வரி நின்றது: "நான் ஊமை. என்னை நம்பாதே." அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நஞ்சன்கூடு மருந்துத் தொழிற்சாலையின் குளிர் அறைக்கு நாம் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. வெப்பத்தை அளப்பது ஒரு பகுதி. அளந்ததைப் பதிவு செய்து, சூடு ஏறினால் ஆட்களுக்குச் செய்தி அனுப்புவது லாகர். நான் லாகரை அந்தப் பகுதிக்குள்ளேயே உருவாக்கி வைத்திருந்தேன்.

"உள்ளயே ஏன் கணே கட்டி வெக்கிற? வெளியிலேர்ந்து குடு. எதைக் குடுக்கறோமோ அதுல எழுதிட்டுப் போகட்டும்" என்று, ‘அடீ’ என்பதைக் கன்னடத்தில் சொல்லி, லாகரைத் தனியாகப் பிரித்துப் போட்டாய். சோதனை செய்வதற்கென்று எதையுமே எழுதாத இன்னொரு லாகரைச் செய்து, அதற்கு 'ஊமை' என்று பேர் வைத்தாய். தொடங்கும்போது மட்டும் அது இந்த ஒரு வரியைச் சொல்லும். நான் சிரித்தேன்.

"சிரி, சிரி. ஒரு நாள் இதையே ஃபேக்டரிக்கு மாட்டிட்டு, சத்தமே இல்ல, எல்லாம் நல்லா இருக்குன்னு காபி குடிக்கப் போவ."

அப்படியே போயிருக்கிறேன். புதிய பதிப்பை ஏற்றும்போது ஊமையைக் கொடுத்திருக்கிறேன். தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். "ஒந்து நிமிஷ மேடம், பார்த்துட்டு வரேன்" என்று போனவர் வருவதற்குள் எனக்கு உயிரே இல்லை. உள்ளே இருப்பது குழந்தைகளுக்கான தடுப்பூசி.

"கதவு சரியா சாத்தல மேடம். இப்பத்தான் சூடு ஏற ஆரம்பிச்சிருக்கு. மூடிட்டேன், மருந்துக்கு ஒண்ணும் ஆகல."

சரியான லாகரைக் கொடுத்தேன். வரிகள் ஓடத் தொடங்கின. பயம் மட்டும் இறங்கவில்லை.

ஊமைக்கே வாய் கொடுத்தவள் நீ. நெஞ்சு வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அன்று உயிர் போகும்வரை பக்கத்து நாற்காலியில் நீ பேசாமலே இருந்தாய். வேலை மும்முரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எனக்கு இன்னும் உன்மேல் கோபம் தீரவில்லை.

தினமும் வேலை முடிந்ததும் அக்ரஹாரத்தில் இருக்கும் உன் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தால் வைத்துவிட்டு உடனே மறுபடி போடுகிறேன். "இங்கதான் இருக்கேம்மா, சொல்லு" என்று குரல் வந்த பிறகுதான் பஸ் ஏறுகிறேன்.