மோட்டார் இல்லாத வயல்

அன்பு மகள் பூவிழிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நைரோபியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நேற்று போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், வெயில் என்று சொல்லிவிட்டேன். உன்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அப்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மேட்டூர்த் தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை, குறுவை நாற்றங்கால் எல்லாம் பம்புசெட்டை நம்பித்தான் இருக்கிறது. உன் ஆபீசில் நீங்கள் போட்டுக்கொடுத்த சோதனைத் திட்டப்படி சித்திரையிலிருந்து வயலுக்குப் பகலில் மட்டும்தான் கரண்ட், சூரிய மின்சாரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் பாம்புக்குப் பயந்துகொண்டே மோட்டார் போடப் போன அப்பா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் பக்கத்து வயல் செந்தாமரை அக்காவின் நாற்று கருகிவிட்டது. கூத்தாநல்லூர்ப் பக்கம் நாற்று கிடைக்குமா என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்றும் அமையவில்லை. மோட்டார் இல்லாதவர்களுக்கு ராத்திரித் தண்ணீர்தான் என்பது நீ அறியாததா? முன்பெல்லாம் மோட்டார் வைத்திருக்கும் வைரக்கண்ணு அண்ணன் பகலில் தன் வயலுக்குப் பாய்ச்சிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் மடையை அக்கா பக்கம் திருப்பிவிடுவார், அறுப்பு முடிந்ததும் அவள் நெல்லாகக் கொடுப்பாள். நாம் மோட்டார் வைக்கும்வரை நமக்கும் அப்படித்தான் விளைந்தது, நீ சாப்பிட்டு வளர்ந்த சோறு அது. தை மாதம் கென்யா, ஜாம்பியா அதிகாரிகளை அழைத்துக்கொண்டு வந்தாயே, மோட்டார் இருக்கும் வீடுகளிலெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதினீர்கள். ஒரு மோட்டார் என்றால் ஒரு குடும்பம் என்று கணக்கு வைத்துவிட்டீர்கள். அக்கா வீட்டு வாசலில் மோர் மட்டும் வாங்கிக் குடித்தீர்கள், அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ரேஷன் கடையில் அவள் வைரக்கண்ணு அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். ஏண்டா, உனக்கு மட்டும் வெளைஞ்சா போதுமா, நெஞ்சுல ஈரம் வத்திப் போச்சா என்றாள். பகல் கரண்டுல எம் வயலே பாதிதான் நனையுது, இனிமே எங் கண்ணுல வர்ற தண்ணியத்தான்க்கா உம் பக்கம் திருப்பிவிடணும் என்றார் அவர். மலர்க்கொடி பொண்ணு போட்ட திட்டம்தானே இதெல்லாம் என்று என் பேரைச் சொல்லி யாரோ முனகினார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பி, நம்ம புள்ள போட்ட கணக்காவது தப்பாவதாவது, இவந்தான் ஏமாத்துறான் என்றாள். நான் அரிசிப் பையோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருஷம் ஒரே தண்ணீரில் பயிர் செய்த இரண்டு பேரும் இப்போது முகம் பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் நம் ஊரை மாதிரியாகக் காட்டி ஆறு நாட்டு அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கப்போவதாகச் சொன்னாய். சந்தோஷம்தான், பயமும் இருக்கிறது. அவர்கள் எழுதிக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் செய்வார்கள், அங்கேயும் எழுதாமல் விட்ட வாசலில் ஒருத்தி நிற்பாள். திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. விட்டுப்போனவர்களைச் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போடு, அதுவரை இங்கே இருட்டிய பிறகும் பழைய லைனில் கொஞ்ச நேரம் கரண்ட் விடச் சொல்லி உன் அதிகாரிகளைக் கேள். எங்கே தவறியது என்பதையும் பாடத்தில் சொல், அதனால் உன் மரியாதை குறையாது.

எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் செந்தாமரை அக்காவுக்குப் போன் செய். வைரக்கண்ணு மேல் தப்பில்லை என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சொன்னால்தான் நம்புவாள்.

உன் அம்மா,
மலர்க்கொடி