தீச்சட்டி வரும் பாதையில் லாலாங்

அனுப்புநர்:
மெஹ்ரீன் பிந்தி ஹுசைன்,
விரிவுரையாளர்,
ஜெலாப்பாங், ஈப்போ.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: பத்து காஜா அருகிலுள்ள பழைய புக்கிட் மெராந்தித் தோட்டத்தில், ஆடித் திருவிழாவுக்கு முன் புல்லை வெட்டி மாடுகளை மேய விடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு மேய்ச்சல் நிலத்தையும் காட்டு நிலத்தையும் பேணும் பாடம் நடத்துகிறேன். ரப்பர் மரங்களை வெட்டிய பின் லாலாங் புல் மண்டிய மேற்படித் தோட்டத்தில்தான் எங்கள் வெளிக்கள வகுப்பு. அங்கே ஐயாவு என்பவரின் மாடுகள் மேய்ந்து வந்தன. மாடு மேயாவிட்டால் நிலம் என்னவாகும் என்று மாணவர்கள் கண்ணால் பார்ப்பதற்காக, ஒரு சிறு துண்டை மட்டும் வேலியிட்டு வைத்திருந்தோம்.

2. சென்ற ஆண்டு இறுதியில் நிலத்தை வாங்கிய நிறுவனம், முழுவதையும் முள்கம்பியால் அடைத்து மாடுகளை விரட்டிவிட்டது. ஒரு துண்டில் நாங்கள் காட்டிய பாடம் இப்போது தோட்டம் முழுக்க நடக்கிறது. புல் ஆள் உயரம் நிற்கிறது. அடியில் எல்லாம் காய்ந்த சருகு.

3. கடந்த மாதம் நிறுவனத்தின் அனுமதியோடு, தீயணைப்பு வீரர்கள் முன்னிலையில், சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டு, எங்கள் வேலித் துண்டுக்குத் தீ வைத்துக் காட்டினோம். வைத்தவர் துளசி என்ற மாணவி. அவர் திரும்பி எங்களிடம் வருவதற்குள் தீ தலைக்கு மேல் எழுந்துவிட்டது.

4. துளசியின் வீடு அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான் இருக்கிறது. லயத்திலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு இந்தப் புல்லின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. ஆடித் திருவிழாவில் பெண்கள் தீச்சட்டி ஏந்தி, பிள்ளைகள் பின்தொடர, அவ்வழியே நடப்பார்கள். சட்டியிலிருந்து பொறி பறப்பது எப்போதும் உள்ளதுதான். இதுவரை அது மாடு மேய்ந்த கட்டைப் புல்லில் விழுந்து அணைந்தது. துளசி தேர்ச்சி பெற வேண்டுமென நேர்ந்துகொண்டு, இவ்வாண்டு அவருடைய தாயார் காளியம்மாவும் சட்டி எடுக்கிறார்.

5. நிறுவனத்திடம் சொன்னேன். பாதுகாப்புக்காம், பாதையின் இருபுறமும் கம்பி கட்டிவிட்டார்கள். இனி தீப்பிடித்தால் விலகி ஓடவும் இடமில்லை. வேறு வழியில் போகலாமே என்று காளியம்மாவிடம் கேட்டேன். "ஆத்தா நடக்கிற வழிய நாம எப்படி டீச்சர் மாத்துறது? தோட்டம் போச்சு, மாடு போச்சு, வழியாச்சும் இருக்கட்டும் லா" என்றார். நான் வேறு மதத்தவள்; அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "நான் வெச்ச தீய அம்மா பாக்கல டீச்சர்" என்கிறார் துளசி.

6. முற்றிய லாலாங்கை மாடு தொடாது. ஆகவே முதலில் கம்பியை அகற்றி, பாதையின் இருபுறமும் அகலமாக வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். துளிர் வந்ததும் ஐயாவுவின் மாடுகளை உள்ளே விட வேண்டும். வெட்டுவதற்கு என் மாணவர்கள் தயார். நிறுவனம் வேலிக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லும் ஓர் உத்தரவையே தங்களிடம் வேண்டுகிறேன். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டி யாருக்கு என்ன பயன்? எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. இம்மனு தங்கள் மேசைக்கு வரும் நாளில் மழை பெய்துகொண்டிருக்கலாம். அதைப் பார்த்து இதை ஓரமாக வைத்துவிட வேண்டாம். மழை பெய்தால் புல் இன்னும் வளரும். ஆடி தள்ளிப்போகாது.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மெஹ்ரீன் பிந்தி ஹுசைன்

இடம்: ஈப்போ
நாள்: 16.6.2025