லேபிளில் உன் பெயர்

அன்புத் தங்கச்சிக்கு,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான், "சாராயம் காச்சுறவ எனக்கு மகளே இல்ல" என்று சந்தியாவோடு பேச்சையே விட்டுவிட்டாய். அந்தச் சந்தியா போன வாரம் எங்கள் துபாய் ஹோட்டலுக்கே வந்துவிட்டாள், தானே செய்த ஒயினோடு!

சிறிய திராட்சைத் தோட்டக்காரர்கள் பல தேசத்திலிருந்து வந்து, தங்கள் ஒயினை ருசி காட்ட மேஜை போட்டிருந்தார்கள். லாண்டரி டூட்டிதான் எனக்கு என்றாலும் நான் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. போய் அவள் பக்கத்தில் நின்றேன். ருசி பார்த்துச் சொல்லும் வெள்ளைக்காரருக்கு 'சாமியார்' என்று பட்டம். இங்கிலீஷில் 'சொமெலியே' என்று வாய்க்குள் மென்று சொல்கிறார்கள், ஆனால் சாமியார்தான். அவரே குடிக்கிறார், இனிமேல் பாவம் என்று சொல்லாதே.

இந்த ஒயினைச் செய்யும் எண்ணம் எப்படித் தோன்றியது என்று அவர் அவளைக் கேட்டார். அவளுடைய இங்கிலீஷ் பதிலைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "வியாபாரி கழிச்சுப்போட்ட வெடிச்ச திராட்சைய அம்மா முந்தானையில அள்ளிட்டு வருவாங்க மாமா. வீடெல்லாம் அந்த வாசம். அதத்தான் பாட்டில்ல அடைக்கப் பாக்குறேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க, திட்டுவாங்க."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். லேபிளில் தங்க எழுத்தில் 'கனகா' என்று உன் பெயர். கூடமே கைதட்டியது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன். லேபிளில் இன்னும் எந்தப் பெயரும் இல்லை. உன் பெயரை வைக்க அவளுக்கு ஆசை, உன்னிடம் கேட்கத்தான் பயம். போன் போட்டு "வெச்சுக்கடி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் எழுதியது பொய்யாகாது.

இப்படிக்கு,
உன் ஒரே அண்ணன்