ரெக்ஸினே போதும்

சதுரங்கப்பட்டினம்
12-11-1956

அன்புள்ள மச்சானுக்கு லத்தீஃபாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். பினாங்கில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

தம்பி நூர்முகமது மோட்டார் சைக்கிளில் மருந்துப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று கடைகடையாகப் போட்டு வருகிறான். வண்டியின் பக்கப் பைக்கு ரெக்ஸின் வேண்டாம், உப்புக் காற்றில் வெடித்துவிடும், நல்ல தோலாகவே தைக்கச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செங்கல்பட்டு தாவீது கடையில் கன்றுத் தோலில் இரண்டு பை தைத்து வாங்கினான். தொட்டால் பட்டு மாதிரி இருந்தது. ஆனால் இப்போது அவை வண்டியில் இல்லை. நடந்ததை நான் சொல்லாமல் வேறு யார் வாயிலாகவும் நீங்கள் கேட்க வேண்டாம்.

பை போட்ட மறுநாளே, வழியில் காசிநாதன் என்கிற குடியானவருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறது. சத்தத்துக்கு மிரண்டது என்று தம்பி நினைத்தான். வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், அது நம் வாசலுக்கே வந்துவிட்டது. கத்தவில்லை, முட்டவில்லை. வேலியோரம் நின்ற வண்டியில் அந்தப் பையை, ஈன்ற கன்றை நக்குவது போல மேலிருந்து கீழாக நக்கியது. காம்பிலிருந்து பால் தானாக மணலில் சொட்டியது.

தேடிக்கொண்டு வந்த காசிநாதன் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா இது? கன்னு செத்ததுலருந்து மடி வத்திக் கெடந்த மாடும்மா" என்றார். செத்த கன்றின் தோலை ஒரு வியாபாரிக்குக் கொடுத்தாராம். இது அதுதான் என்று சொல்லிப் பையைக் கும்பிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தம்பி போய் தாவீதிடம் கேட்டான். அவர் சத்தியம் செய்திருக்கிறார். அது போன வருஷமே பல்லாவரத்தில் பதனிட்டு வந்த தோலாம். காசிநாதனுடைய கன்று அப்போது பிறக்கவே இல்லை.

அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம். தன் கன்று இல்லை என்று அந்த வாயில்லாச் சீவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வந்ததா?

பைகளைக் காசிநாதனிடமே கொடுத்துவிட்டோம். கொட்டகைத் தூணில் தொங்கவிட்டிருக்கிறார். பசு அதனடியிலேயே படுக்கிறது, இரண்டு வேளையும் கறக்கிறது. நமக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து தருகிறார். அம்மா டீ போடுகிறாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. தம்பிக்கு ரெக்ஸின் பை வாங்கியாயிற்று. வெடித்தால் வெடிக்கட்டும். அதை எந்தத் தாயும் தேடி வரமாட்டாள்.

இன்னொன்றை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று அந்தப் பசு நக்கிக்கொண்டிருந்தபோது என் ரவிக்கையும் நனைந்தது. நம் பிள்ளையை அடக்கம் செய்து நாலு மாதமாகிறது. பால் வற்றிவிட்டது என்று மருத்துவச்சி எப்போதோ சொல்லிவிட்டாள். இப்போது தம்பியின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நனைகிறது.

தந்தி கிடைத்த பிறகு நீங்கள் எழுதிய கடிதங்களில் சபுர் செய், பொறுமையாக இரு என்று இருக்கிறது. அவன் பெயர் இல்லை. நீங்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை, உங்கள் மேல் எனக்குக் குறையில்லை. முதலாளி லீவு தரமாட்டார் என்றும் தெரியும். மைதீன் என்று உங்கள் கையால் ஒரே ஒரு தடவை எழுதி அனுப்புங்கள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள்
லத்தீஃபா