தம்பிக்குப் போர்த்திய பொன்னாடை

சென்னை, ஆகஸ்டு 1961

அன்புள்ள ஞானமணிக்கு,

மாதா கிருபையில் நான் சுகம், நீங்கள் சுகந்தானே? ஊர் ஏசும் என்று மகள் செல்வியின் படிப்பை நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். நேற்று நடந்ததைக் கேள்.

இங்குள்ள ஆவூர்க்காரர்கள் நம்மூர் இருதய டாக்டர் ஜெபமாலை அம்மாவுக்குப் பாராட்டு விழா வைத்தோம். பிள்ளைகளின் இருதயத்தைக் கெடுக்கும் காய்ச்சலை ஆராய்ந்து சீமையில் மெடல் வாங்கியவர். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆண்கள் பொன்னாடை போர்த்தக் கூடாதாம். கூட வந்த அவருடைய தம்பிக்குப் போர்த்திவிட்டார்கள்!

"ஆராய்ச்சி பண்ணுனது அவராய்யா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கண்ணே, ஒங்க நெஞ்சுக்கு ஆகாது," என்றார் டாக்டரம்மா. லேசான படபடப்புதான், பயப்படாதே.

மெடல் வாங்கியவரையே இப்படி நடத்தும் ஊருக்குப் பயந்தா நம் பிள்ளையை நிறுத்துவது?

ஹோட்டல் சோறு இறங்கவில்லை, நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. புளி லாரி வந்துவிட்டது, மண்டிக்கு ஓடுகிறேன். ஊறுகாய் பிந்தினாலும் பரவாயில்லை; திங்கட்கிழமை செல்வி பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

சந்தியாகு