உங்கள் நிறத்துக்கு நான் பட்ட பாடு

அன்புள்ள மீனா அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் கொஞ்ச நாளும் ஆகிறது. அன்போடுதான் தொடங்கியிருக்கிறேன். போகப் போக எப்படிப் பேசுவேனோ தெரியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

நம் ஜோகுபாளையம் வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு வரை அது உங்களுக்கு எழுதிக் கொடுத்தது. தெருவில் மற்ற ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறி எடுத்து வருவார்கள். நீங்கள் வென்டிலேட்டரில் கம்பளியை அடித்து, கதவிடுக்கில் என் பழைய புடவையைச் செருகி, உள்ளே போய் கலர் போட்டோ பிரிண்ட் போடுவீர்கள். நானும் மீனாவும் துண்டையும் சோப்பையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜெயம்மா வாசலில் நிற்போம். "ஏனு கமலா, இவத்தூ போட்டோனா?" என்று அவர் கன்னடத்தில் கேட்பார். ஆமாம், இன்றைக்கும் போட்டோதான் என்று பதினோரு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டு முழுக்க உங்கள் போட்டோ பேப்பர். மோருக்குப் பக்கத்தில் மருந்து பாட்டில்கள். விருந்தாளி யாராவது தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். பிரிண்டைக் கழுவும் டிரம்கூட கடையில் வாங்கியது இல்லை. சாக்கடைக்குப் போடுகிற பிவிசி குழாயை அறுத்து, நீங்கள் வேலை பார்த்த ஆடுகோடி பட்டறையில் மதிய சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் மூடி கடைந்து நீங்களே செய்தது. முதலாளி பார்த்து என்ன இது என்று கேட்டதற்கு, வீட்டுக்காரிக்கு ஊறுகாய் போட என்று சொன்னீர்களாம். அந்த ஆள் துக்கத்துக்கு வந்தபோது என்னிடம் ஊறுகாயைப் பற்றி விசாரித்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். இருட்டில் பேப்பரில் வெளிச்சம் விட்டு, டிரம்முக்குள் போட்டு மூடி, லைட்டைப் போட்டு, மருந்தை ஊற்றித் தரையில் உருட்டி, வெளியே எடுத்து, ஃபேனில் காயவைத்து, அப்புறம் ஒரு குரல் கொடுப்பீர்கள் பாருங்கள், "கமலா, ஒரு நிமிஷம் வா." கையில் மாவு இருக்கும், அடுப்பில் குழம்பு இருக்கும். ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், சோதனைக்குப் போட்ட விரலகலத் துண்டைக் காட்டி, "எப்படி இருக்கு கலர்?" என்பீர்கள். முகம் பச்சை என்பேன். "நல்லாப் பாத்துச் சொல்லு" என்பீர்கள். பார்த்துத்தான் சொல்கிறேன், பச்சை என்பேன். உள்ளே போவீர்கள். அரை மணி கழித்து மறுபடியும் ஒரு குரல். ஒரு போட்டோவுக்கு ஐந்து தடவை, ஆறு தடவை.

ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு ஒரு புடவை வாங்கி அனுப்பினீர்கள், பச்சைப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சீட்டு எழுதி. பிரித்தால் உள்ளே காப்பிக்கொட்டை நிறம். கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். கல்யாணமான பிறகு நீங்கள் அதைப் பார்த்து, "அந்தப் பச்சைய கட்டேன்" என்றீர்கள். அன்றைக்குப் புரிந்தது. பஸ் டிரைவர் வேலை கைக்கு வந்து போனதற்கு உயரம் போதவில்லை என்று சொல்வீர்களே, ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு எந்த ஊரில் உயரம் போதாது? கண் டாக்டர் அனுப்பிவிட்டார் என்று எனக்குத் தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும் உங்களுக்கு வித்தியாசம் கிடையாது. நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் காப்பாற்றிய ரகசியத்தை இப்போது யார் கையில் வேண்டுமானாலும் கிடைக்கக்கூடிய கடிதத்தில் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

அப்படிப்பட்ட மனுஷன் கறுப்பு வெள்ளையில் போட்டுவிட்டுப் போகக்கூடாதா? ஒரு தடவை கேட்டேன். "கறுப்பு வெள்ளைய எவன் வேணா போடுவான்" என்றீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தெவசத்துக்கு மாட்ட உங்கள் படம் ஒன்று வேண்டியிருந்தது. உங்கள் கவர்களைக் குடைந்ததில் அல்சூர் ஏரிக்கரையில் நான் எடுத்த நெகட்டிவ் கிடைத்தது. கவர் மேல் 'கமலா எடுத்தது' என்று எழுதியிருந்தீர்கள், பிரிண்ட் போட்டிருக்கவில்லை. அதில் உங்கள் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இருந்தாலும் முகம் முழுசாக, நல்ல வெயிலில் இருந்தது. உங்கள் தம்பி குமார் அதை வாங்கிப் போய் மெயின் ரோட்டு லேபில் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்.

பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கோதுமை மாவு நிறம். கன்னத்தில் ரோஸ் வேறு. குமாருக்குப் பெருமை தாங்கவில்லை, அண்ணன் ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்.

நானே லேபுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உதவி செய்தவர் முகத்தோடு சொன்னார். "கொஞ்சம் கலரா போட்ருக்கேன்மா. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

"அவரு கறுப்பு. அதே கறுப்புல வேணும்" என்றேன்.

மறுபடி போட்டுக் கொடுத்தார். வெளுப்பு ஒரு சுற்று குறைந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தடவை, இதற்கு மேல் கறுத்தால் முகமே தெரியாது, மிஷின் விடாது என்றார். உங்கள் முகம் எனக்குத் தெரிந்ததே, எந்த மிஷினை வைத்துப் பார்த்தேன்?

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தால் மீனா அந்தப் படத்தை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது பியூசி முதல் வருஷம். காலேஜில் சேர்ந்ததிலிருந்து முகத்துக்கு ஒரு கிரீம் பூசுகிறாள், ஆறு வாரத்தில் சிவப்பாகலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. எத்தனை ஆறு வாரம் போய்விட்டது. உங்கள் நிறம்தான் அவளுக்கு, முழங்கை வரை, கால் விரல் வரை. "அப்பா இதுல நல்லா இருக்காரு இல்லம்மா?" என்று கேட்டாள். அந்தப் படம் இந்தச் சுவரில் ஏறினால், அவள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் கிரீம் பூசுவாள். அதனால்தான் நானே பிரிண்ட் போடுவதென்று உங்கள் கம்பளியை எடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

உங்கள் நோட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தேன். கணக்காக எழுதி வைத்திருப்பீர்கள், பார்த்துச் செய்துவிடலாம் என்று நம்பினேன். மருந்து எவ்வளவு என்று தேடினால் 'வழக்கம் போல' என்று இருக்கிறது. நேரம்? 'வழக்கம் போல.' தண்ணீர் சூடு? அதுவும் வழக்கம் போல. உங்கள் வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது என்னை உள்ளே விட்டீர்களா?

ஆனால் கலர் பில்டர் பக்கத்தில் ஒன்றையும் விடவில்லை. எல்லாம் தலைகீழ், படத்தில் எந்த நிறம் தூக்குகிறதோ அதே பில்டரைக் கூட்ட வேண்டுமாம். 'கமலா: மூஞ்சி பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. மெஜந்தா 10 குறை.' 'கமலா: செங்கல். மெஜந்தா 5, மஞ்சள் 5 கூட்டு.' 'கமலா: மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி. மஞ்சள் 10 கூட்டு.' 'கமலா: குழம்பு தீயுதுன்னு போயிட்டா. கலர் தெரியல.' பதினோரு வருஷமாக நான் திட்டியது எல்லாம் தேதிவாரியாக. சில பக்கங்களில் பிரிண்ட் முடிந்த பிறகும் எழுதியிருக்கிறீர்கள். மீனாவின் பாவாடை கிளிப்பச்சையாம். ஜெயம்மா வீட்டுச் செம்பருத்தி, ரத்தச் சிவப்பில்லை, அதைவிடக் கொஞ்சம் இளசாம். இதெல்லாம் எந்த பில்டருக்கு வேண்டும்? உலகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்க உங்களுக்கு வேறு வழி தெரியவில்லையா? நேரே கேட்டிருந்தால் குழம்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லியிருப்பேனே. அந்த நோட்டின் மேல் தலையை வைத்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்தும் எரிச்சல் போகவில்லை.

முதல் ஞாயிறு. எல்லாம் எடுத்து வைத்து, லைட்டை அணைத்து, பேப்பர் பெட்டியைத் திறந்து, கதவிடுக்குப் புடவையைச் சரிசெய்ய இருட்டில் எழுந்தேன். குளியலறையில் கதவுப் பக்கம் நின்றால் கை தானாக சுவிட்சுக்குப் போகும் இல்லையா? போட்டேன். பெட்டியில் இருந்த பேப்பர் அத்தனையும் பாழ். அப்புறம் அதில் எதைப் போட்டுக் கழுவினாலும் கரிதான் வந்தது. ஃபிரிட்ஜில் பிரிக்காத கவர் ஒன்றில் பதினோரு தாள் மிச்சம். உங்களுக்கு பேப்பர் கட்டைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுக்கும் ஆள் கடையை மூடிவிட்டு ஹொசூர் பக்கம் போய்விட்டாராம். பதினொன்றுக்கு மேல் ஒன்று கிடையாது.

இரண்டாவது ஞாயிறு உங்கள் வழக்கம் என் காதில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. கதவுக்கு வெளியே எத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பட்டறையில் எல்லோரும் எண்ணுகிற மாதிரி, ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணுவீர்கள். டிரம் உருளும் சத்தத்தோடு அறுபது வரை இரண்டு தடவை. ஊற்றுகிற சத்தம். மறுபடி அறுபது. நானும் அப்படியே எண்ணி உருட்டினேன். ஒரு தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதில் படம் வந்தது. பச்சையாக வந்தது. வெளியே எடுத்துப் பார்த்து, "மூஞ்சி பாசி" என்று என்னையே திட்டி, நோட்டில் எழுதினேன்.

நிறம் ஒரு வழிக்கு வந்தால் கறுப்பு வரவில்லை. கறுப்பு வந்தால் செங்கல் அடித்தது. எத்தனை விநாடி வெளிச்சம் விட்டால் நீங்கள் வருவீர்கள்? மனசில் இருக்கும் நிறத்தை வைத்து எவ்வளவு நேரம் ஒப்பிட முடியும், பார்க்கப் பார்க்க அதுவே நழுவுகிறது. மூன்றாவது ஞாயிறு பயந்துவிட்டேன், உங்கள் நிறம் எனக்கு மறந்துபோய்விட்டதோ என்று. அப்போதுதான் மீனாவைக் கூப்பிட்டேன். கையை நீட்டு என்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் துண்டை வைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு விநாடி, மெஜந்தா ஐந்து. அவள் எதற்கு என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு அளவு எடுக்கிறேன் என்றேன். அன்றைக்கு அவளைப் பலமுறை கூப்பிட்டேன். படிக்கிற பெண்ணை இப்படிப் படுத்துகிறாயே என்று அலுத்துக்கொண்டாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் வந்து கையை நீட்டினாள்.

நான்காவது ஞாயிறு, பத்தாவது தாளில் வந்தீர்கள். நெற்றியில் வெயில், கழுத்தில் நிழல், வாய் திறந்தபடி, மைசூர்ப்பாகு அளவுகூட வெளுக்காமல், நல்ல கறுப்பாக.

தெவசத்தன்று குமார், முன்னமே எடுத்துப் போயிருந்த லேப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தன மாலையோடு பையில் கொண்டுவந்தார். சுவரில் நான் போட்ட படம் மாட்டியிருந்தது. இலை போட்டு, வடை வைத்து, எல்லோரும் கும்பிட்ட பிறகு, அவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார்.

"அண்ணி, அண்ணன் இவ்ளோ கறுப்பாவா இருந்தாரு?"

நான் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் மீனா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். போய் முழங்கையைப் படத்தின் மேல், உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் கலர்தான் சித்தப்பா" என்றாள்.

குமார் அவள் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மாலையை மட்டும் எடுத்து உங்களுக்குப் போட்டார்.

கிரீமை விட்டுவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன், டப்பா அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தாள் மிச்சம் இருக்கிறது. அதில் அவளைத்தான் போடப் போகிறேன். நாளைக்கு அவள் கல்யாணத்துக்கு எந்த லேப்காரன் எவ்வளவு வெள்ளையடித்துக் கொண்டுவந்தாலும், திருப்பித் திருப்பி அனுப்புவேன். சண்டை போடுவேன். நம் பெண்ணை அவள் நிறத்தில் கொடுக்கும்வரை அந்தக் கவுண்டரைவிட்டு நகர மாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் கண்ணாக இருந்த மனைவி,
மீனா அம்மா
கமலா