பெல்லாரி ரோட்டில் பழுத்த கம்பி

டேய் நண்பா,

இன்று காலை எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு விசிறினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் வலது உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிட்டது. என்றைக்கோ ஆறிப்போன புண்தான். ஆனாலும், "அந்தப் பக்கம் போய் விசிறுய்யா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். கோபமெல்லாம் உன்மேல்தான்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓட்ட நம் லாரிக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டினோமே, அந்த வண்டியில் நம் பேட்டை அடுகோடியிலிருந்து பெல்லாரி வரை இருவரும் மாறி மாறி ஓட்டுவோம். அனந்தபுரம் தாண்டினால் பாலைவனம்தான். புழுதி, கள்ளி, மண்டையைப் பிளக்கிற வெயில். நடுவே ஒற்றை வேப்பமரம். கிளையெல்லாம் லாரிக்காரர்கள் நேர்ந்துகொண்டு கட்டின பழைய டயர்கள். அதற்கப்புறம் ஹாரன் ஹோட்டல். வாசல் கம்பத்தில் கட்டியிருந்த ஹாரனை ஒரு தரம் அமுக்கினால் காப்பி, இரண்டு தரம் என்றால் சாப்பாடு. நீ விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பாய். "கல்யாணப் பந்தியே வந்திருக்கு சாமி!" என்று சிரிப்பாய்.

அந்த வேப்பமரத்தடியில்தான் அது நடந்தது. வண்டியை நிறுத்தி இரும்புக் கம்பியால் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாய். டயர்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மீசைக்காரன் அரிவாளை என் கழுத்தில் வைத்து, "துட்டு தெகி!" என்று பணத்தை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினான். நான் சட்டைப்பையைத் தொடுவதற்குள், நீ பழுத்த கம்பியை உருவி அவன் தோளில் போட்டாய். சதை பொசுங்கிற்று. மற்றவன் ஓடிவிட்டான். மீசைக்காரன் அரிவாளைப் போட்டுவிட்டு, விழுந்து கும்பிட்டான். நீ நிறுத்தவில்லை. முழங்காலில் அடித்தாய், மூஞ்சியில் அடித்தாய். மண்டையைப் பார்த்துக் கம்பியை ஓங்கினாய்.

"போதும்டா! செத்தான்னா உன்னைத் தூக்குல போடுவாங்கடா!"

உனக்குக் காதிலேயே விழவில்லை. நான் பாய்ந்து அந்தப் பழுத்த முனையைப் பிடித்துக்கொண்டேன். என் அலறலைக் கேட்டுத்தான் உனக்குப் புத்தி வந்தது. அதற்குள் மீசைக்காரன் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டான்.

என் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாய். "அந்தத் திருட்டுப் பயலுக்காகவாடா கையைக் கொடுத்தே?"

"உனக்காகடா, எருமை" என்றேன்.

புண் ஆற மாதக்கணக்காயிற்று. என்னால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை; நீ தனியாகப் போனாய். பட்டப்பகலில், ஹாரன் ஹோட்டல் வாசலில், தோளில் தழும்போடு மீசைக்காரன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான். கல்லாலும் தடியாலும் உன்னை அடித்தார்கள். நீ கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அமுக்கினாயாம். வழக்கமான உன் குறும்பு என்று நினைத்து, ஹோட்டல்காரர் உள்ளே சிரித்தபடி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாராம். டம்ளரோடு அவர் வெளியே வந்தபோது நீ மண்ணில் கிடந்தாய். மூச்சு இல்லை.

"அன்னிக்கு நீங்க கம்பியைப் பிடிக்காம இருந்திருந்தா, இவரு இருந்திருப்பாரு இல்லண்ணா?" என்று உன் மனைவி ஒருநாள் கேட்டாள்.

மீசைக்காரன் இன்னும் அகப்படவில்லை. லாரியை விற்றபோது அந்தக் கம்பியை மட்டும் நான் கொடுக்கவில்லை. என்றைக்காவது அவனைக் கண்டால் மண்டையைப் பிளக்க வேண்டும் என்று அதை எடுத்துப் பார்ப்பேன். வலது கை விரல்கள் சரியாக மடங்காது. இடது கைக்கு மாற்றி ஓங்குவேன். உடனே இந்த வலது கை தானாகப் போய் முனையைப் பிடித்துக்கொள்கிறது, நண்பா.